ட்ரே அடுக்குவது போல ஸ்லைடு அடுக்கலாம்: மருத்துவப் பயிற்சி கோர்ஸ் செய்பவர்களுக்கு முதல் பாடம்

நான் செய்த முதல் ஆன்லைன் கோர்ஸில் 42 ஸ்லைடுகள். விஷயம் பெட்சோர், அதாவது படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வரும் படுக்கைப்புண். செங்கோட்டை, புளியரை, மலை தாண்டிக் கேரளப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை என்று இரண்டு பக்கமும் வீட்டில் வைத்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் தமிழ்ப் பெண்களுக்காகச் செய்தது. சிலர் ஹோம் நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள், சிலர் பாலியேட்டிவ் கேர், அதாவது தீராத நோயாளிகளின் வேதனையைத் தணிக்கும் பராமரிப்பில் தன்னார்வலர்கள். கேரளத்தில் 2008-இலேயே பாலியேட்டிவ் கேருக்கென்று அரசுக் கொள்கை வந்துவிட்டதால், வீடு தேடிப் போய் நோயாளியைப் பார்ப்பது அந்தப் பக்கம் பழகிப்போன வேலை. இந்தப் பக்கத்துப் பெண்களும் அங்கே வேலைக்குப் போய் அதைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். நானோ நர்ஸிங் சொல்லிக்கொடுத்தே பழகியவள். பாடத்தில் தப்பு வராது என்ற தெம்பு இருந்தது.

பாடத்தில் தப்பு இல்லைதான். பச்சையிலிருந்து நீலத்துக்கு இறங்கும் பின்னணி, நிழல் விழுந்த தலைப்பெழுத்து, எல்லா ஸ்லைடிலும் மூன்று லோகோ, வலது மூலையில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு ஊசி. அந்த ஊசியைத் தேடி எடுத்து ஒட்டுவதற்கே ஒரு சாயங்காலம் போனது. கோர்ஸ் முடித்த புளியரை அக்கா ஒருவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"பாடம் நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர். ஆனா மூலைல ஒரு ஊசி சுத்திக்கிட்டே கெடந்துச்சு பாருங்க, கண்ணு அதுலயே போயிட்டு. எப்ப நிக்கும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

குதிகாலைப் படுக்கையில் படாமல் தூக்கி வைப்பது எப்படி என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அது 17-வது ஸ்லைடில், ஆறாவது வரியில், எட்டு வரிகளுக்கு நடுவில் இருந்தது.

அதன் பிறகுதான் நான் ஸ்லைடு வடிவமைப்பைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நான் டிசைனர் இல்லை. இதைப் படிக்கிற நீங்களும் அநேகமாக இருக்க மாட்டீர்கள். நர்ஸாகவோ டாக்டராகவோ பிசியோவாகவோ இருப்பீர்கள், யாரோ "கோர்ஸ் ஒன்று போட்டுக் கொடுங்கள்" என்று தலையில் கட்டியிருப்பார்கள். நமக்கு அழகு தெரிய வேண்டியதில்லை. ஒரே ஒரு விஷயம் பிடிபட்டால் போதும். அதை நான் 'பார்வை வரிசை' என்று சொல்கிறேன்: ஒரு ஸ்லைடைத் திறந்ததும் கண் முதலில் எங்கே போகிறது, அடுத்து எங்கே, கடைசியில் எங்கே.

செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றால் இது தானாகப் புரியும். தூரத்தில் பஸ் வரும்போதே சிவப்பும் மஞ்சளுமாகத் தெரிந்தால் கேரளா வண்டி என்று பையைத் தூக்கிவிடுகிறோம். கொஞ்சம் கிட்டே வந்ததும் பெரிய எழுத்தில் ஊர்ப் பெயர். இன்னும் கிட்டே வந்தால்தான் எந்த வழி என்ற சின்ன எழுத்து. மலையாளம் வாசிக்கத் தெரியாதவர்கூட முதல் படியில் தவறுவதில்லை. ஊர்ப் பெயரும், வழியும், கட்டண விவரமும், வாழ்த்துச் செய்தியும் ஒரே அளவு எழுத்தில் கண்ணாடி முழுக்க எழுதியிருந்தால் என்ன ஆகும்? பஸ் நம்மைத் தாண்டிப் போயிருக்கும். நம்முடைய பெரும்பாலான ஸ்லைடுகள் அப்படித்தான் இருக்கின்றன.

கண்ணை இழுக்கும் சக்தியில் எல்லாம் ஒன்று போல இல்லை. அசைகிற பொருளுக்குத்தான் முதல் மரியாதை. அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. மனித முகமும் அப்படித்தான், இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் அளவில் பெரியது, சுற்றியிருப்பதிலிருந்து நிறத்தில் வேறுபடுவது, சுற்றிலும் காலி இடம் இருப்பது. இவையெல்லாம் சம பலத்தில் இருந்தால்தான் தமிழ் படிக்கிற பழக்கத்தில் இடது மேல் மூலையிலிருந்து ஆரம்பிப்போம். என் ஊசி ஸ்லைடில் அசைவு முழுக்க அலங்காரத்துக்குப் போய்விட்டது. குதிகாலுக்கு ஒன்றுமே மிச்சமில்லை.

சரி, இதை எங்கே கற்றுக்கொள்வது? நமக்கு ஏற்கெனவே கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

நர்ஸிங் முதல் வருஷத்தில் டிரெஸ்ஸிங் ட்ரே, அதாவது புண்ணுக்குக் கட்டுப் போடும் சாமான் தட்டு, அடுக்கச் சொன்னது நினைவிருக்கிறதா? ரெக்கார்ட் நோட்டில் இரண்டு பத்தி போட்டு, இடது பக்கம் பொருள், வலது பக்கம் அது எதற்கு என்று எழுத வேண்டும். கிட்னி ட்ரே, கழிவைப் போட. ஃபோர்செப்ஸ், காஸ் துணியைப் பிடிக்க. எதற்கு என்று எழுத முடியாத பொருள் ட்ரேயில் இருந்தால் மேடம் எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். ட்ரேயில் இடம் இருக்கிறதே என்று இன்னொரு கத்தரிக்கோலை யாரும் வைப்பதில்லை. எந்தப் பொருள் முதலில் தேவையோ அது கைக்கு எட்டும் பக்கம் இருக்கும்.

ஸ்லைடுக்கும் அதே இரண்டு பத்தியைப் போட்டுப் பாருங்கள். பச்சை–நீலப் பின்னணி: எதற்கு? லோகோ 23-வது ஸ்லைடில்: எதற்கு? ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொண்டு சிரிக்கும் வெளிநாட்டு டாக்டர்: எதற்கு? நான் என் 42 ஸ்லைடுக்கும் இப்படி எழுதிப் பார்த்தேன். ஏறக்குறைய பாதிப் பொருள்களுக்கு வலது பக்கம் வெறுமையாக இருந்தது. லோகோ மூன்றும் முதல் ஸ்லைடுக்குப் போயின. இதில் கொஞ்சம் மனஸ்தாபமும் வந்தது. எல்லா ஸ்லைடிலும் தங்கள் பெயர் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. கடைசி ஸ்லைடிலும் பெரிதாகப் போடுகிறேன் என்று சமாதானம் செய்யலாம். வேலை செய்தது.

ஏன் குறைக்க வேண்டும் என்பதற்கு ஆராய்ச்சிக் காரணமும் இருக்கிறது. ஜான் ஸ்வெல்லர் என்ற கல்வி உளவியலாளர் 1988-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். புதிதாக ஒன்றைக் கற்கும்போது மனசு ஒரே நேரத்தில் தாங்குகிற சுமைக்கு அளவு உண்டு. பாடத்துக்குச் சம்பந்தமில்லாத சுமையை ஏற்றினால் பாடத்துக்கு இடம் போதாது. எவ்வளவு தாங்கும்? உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் சொன்ன ஏழு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு 'ஸ்லைடுக்கு ஏழு வரி' என்று விதி சொல்பவர்கள் இருக்கிறார்கள். மில்லர் ஸ்லைடைப் பற்றிப் பேசவே இல்லை. 2001-இல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் அதை மறுபடி ஆராய்ந்து, உண்மையில் நான்கு சொச்சம்தான் தாங்கும் என்றார். நான் இந்த எண்களை வைத்து வரிகளை எண்ணுவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் போட்டுவிட்டு, நடுவில் கிடைத்த பத்து நிமிஷத்தில் போனில் பார்க்கிறவருக்கு நான்கே அதிகம் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நிறம் ஏற்கெனவே பேசுகிறது

மற்ற துறைக்காரர்கள் பிடித்த நிறத்தைப் போடலாம். நாம் போட முடியாது. நரம்பில் ஏற்றும் கேனுலா ஊசியில் பச்சை என்றால் 18-ஆம் அளவு, பிங்க் என்றால் 20, நீலம் 22, மஞ்சள் 24 என்று கை தானாகப் போகிறது. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் பட்ட பஞ்சுக்கு மஞ்சள், டியூப், கிளவுஸ் மாதிரியான பிளாஸ்டிக்குக்குச் சிவப்பு, ஊசி, பிளேடுக்கு வெள்ளை, கண்ணாடிக்கு நீலம். இப்படிப்பட்டவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது, 'பார்க்க நன்றாக இருக்கிறது' என்பதற்காகக் கிளவுஸ் கழற்றும் பாடத்துக்கு மஞ்சள் பின்னணி போட்டால் என்ன ஆகும்? கண் ஒன்று படிக்கும், காது ஒன்று கேட்கும். நான் இப்போது பின்னணிக்கு வெள்ளை, எழுத்துக்குக் கறுப்புக்குப் பக்கத்திலான கருநீலம், அழுத்திச் சொல்ல வேண்டியதற்கு ஒரே ஒரு நிறம் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த ஒரு நிறமும் அந்தப் பாடத்தில் வேறு அர்த்தம் உள்ளதாக இருக்கக் கூடாது. கழிவு பற்றிய பாடத்தில் நான்கு நிறமும் தொட்டிகளுக்கே சொந்தம். தலைப்புக்குக் கறுப்பு போதும்.

நிறத்தைத் தனியாக நம்பி விடவும் கூடாது. சிவப்பு–பச்சை பிரித்தறிய முடியாதவர்கள், முக்கியமாக ஆண்களில், எல்லா வகுப்பிலும் ஒருவராவது இருக்கலாம். அவருக்கே அது தெரியாமலும் இருக்கும். 'பச்சை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் செய்யக் கூடாது' என்று வைத்தால் பக்கத்தில் ஒரு டிக், ஒரு பெருக்கல் குறியும் வேண்டும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வெள்ளையில் கறுப்பு என்றால் விகிதம் 21-க்கு 1. இணைய அணுகல் வழிகாட்டுதல் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும் என்கிறது, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. இரண்டு நிறத்தைக் கொடுத்தால் விகிதத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் இலவசத் தளங்கள் இருக்கின்றன. வெளிர் பச்சையில் வெள்ளை எழுத்து போட்டிருந்த என் பழைய ஸ்லைடு அதில் பரிதாபமாகத் தோற்றது.

நல்ல வடிவமைப்புக்கு உதாரணம் வேண்டுமென்றால் தூரம் போக வேண்டாம். தடுப்பூசி வைல், அதாவது மருந்துக் குப்பி, மேல் ஒட்டியிருக்கும் வி.வி.எம் வட்டத்தைப் பாருங்கள்; மருந்து வெப்பத்தில் கெட்டதா என்று காட்டும் குறி அது. ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால், காலாவதித் தேதியும் தாண்டவில்லை என்றால், போடலாம். வெப்பம் பட்டுப் பட்டுச் சதுரம் கறுத்து வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் போடக் கூடாது. 1996-இல் போலியோ சொட்டு மருந்தில் முதலில் வந்தது. எழுத்து இல்லை, எண் இல்லை, எந்த மொழிக்காரருக்கும் விளங்கும். 'ஒப்பிட வேண்டிய இரண்டையும் ஒட்டி வை' என்பதைத் தவிர அதில் வேறு தந்திரமே கிடையாது. ஒப்பிட வேண்டியதைப் பக்கத்தில் வைப்பதுதான் நாம் அதிகம் தவறவிடுவதும்.

நம் தொழிலின் முன்னோடியே படம் போட்டவர்தான். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலை விளக்கோடு மட்டும் நினைக்கிறோம். கிரிமியப் போரில் காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தவர்கள் எத்தனை மடங்கு என்று காட்ட 1858-இல் அவர் ஒரு வட்டப்படம் வெளியிட்டார். நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றவைக்குக் கறுப்பு. நீலம்தான் பூதாகரமாகத் தெரியும். அட்டவணையாகக் கொடுத்திருந்தால் அதிகாரிகள் கொட்டாவி விட்டிருப்பார்கள்.

ஒரு ஸ்லைடைப் பிரித்து மேய்வோம்

என்னிடம் 'இன்சுலின் செலுத்தும் முறை' என்று ஒரு ஸ்லைடு இருந்தது. ஒன்பது வரிகள். கையைக் கழுவவும், வைலை உருட்டவும், இப்படிப் போய் ஏழாவது வரியில் 'சரியான சிரிஞ்சைப் பயன்படுத்தவும்'. கீழே இன்சுலின் வகைகளின் அட்டவணை, எழுத்து எறும்பு அளவு. வலது பக்கம் சிரிக்கும் டாக்டர்.

வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் தவறுவது எங்கே? அந்த ஏழாவது வரியில்தான். நம் கடைகளில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள வைலும் கிடைக்கிறது, 100 யூனிட் உள்ளதும் கிடைக்கிறது. சிரிஞ்சும் இரண்டு வகை: 40-க்கு உரியதற்குச் சிவப்பு மூடி, 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் கணக்கு இப்படி. 40 வைலிலிருந்து 100 சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட். சர்க்கரை இறங்காது. தலைகீழாக, 100 வைலிலிருந்து 40 சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் அரை மில்லி, 50 யூனிட். 20 போட வேண்டிய இடத்தில் 50 போனால் நோயாளி மயங்கி விழுவார், உயிருக்கே ஆபத்து.

இதை 'சரியான சிரிஞ்சைப் பயன்படுத்தவும்' என்று ஒரு வரியில் எழுதியவள் நான். பாடம் தெரிந்தவர்களிடம் இருக்கும் நோய் இதுதான். நமக்கு ஒன்பது வரியும் ஒன்பது தனித்தனி எடையோடு தெரிகிறது. பார்க்கிறவருக்கு ஒன்பதும் ஒரே கனம்.

இப்போது அது மூன்று ஸ்லைடு. முதலாவதில் ஒரே படம். ஜன்னல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணி மேல், என் போனில் எடுத்தது: 40 என்ற எண் தெரியும்படி திருப்பி வைத்த வைல், அதை ஒட்டிச் சிவப்பு மூடிச் சிரிஞ்ச். இரண்டிலும் 40 என்று இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம். கீழே ஒரே வரி: 'வைலில் 40 என்றால் சிரிஞ்சிலும் 40.' சிவப்பும் ஆரஞ்சும் மங்கிய வெளிச்சத்தில் ஒன்று போலத் தெரியும் என்பதால்தான் வட்டம் மூடியைச் சுற்றிப் போடாமல் எண்ணைச் சுற்றிப் போட்டேன்.

இரண்டாவதில் 40 வைலும் 100 சிரிஞ்சும், '20 வரை இழுத்தால் 8 யூனிட்தான் வரும்.' மூன்றாவதில் தலைகீழ். இங்கே ஒரு எச்சரிக்கை. தவறான முறையைப் படமாகக் காட்டினால், அவசரத்தில் பார்ப்பவர் மனசில் படம் தங்கும், 'கூடாது' என்ற சொல் தங்காது. ஆகவே தவறான படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, படத்தின் மேலேயே குறுக்கே பெரிய பெருக்கல் குறி போடுங்கள். ஓரத்தில் சின்னதாகப் போடுவது போதாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஓரம் வெட்டுப்பட்டுப் போகும், நான் பார்த்திருக்கிறேன்.

இன்சுலின் வகை அட்டவணை? எடுத்துவிட்டேன். வீட்டில் ஊசி போடுபவர் வகையைத் தீர்மானிப்பதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்ததைத்தான் போடுகிறார்.

தமிழ் எழுத்துக்கு என்று சில சங்கடங்கள்

ஸ்லைடு பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனையெல்லாம் ஆங்கில எழுத்தை மனசில் வைத்தது. நமக்கு வேறு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் இல்லாததால் தலைப்பை வேறுபடுத்த அளவும் தடிமனும்தான் வழி. சாய்வெழுத்து நமக்கு ஒத்துவராது, கோணலாக நிற்கும். அடிக்கோடு போட்டால் கு, சு, மூ, ழு இவற்றின் கீழ்ச் சுழி கோட்டில் மோதி என்ன எழுத்தென்றே தெரியாது. அழுத்தம் வேண்டுமென்றால் தடித்த எழுத்து மட்டும், அதுவும் ஸ்லைடுக்கு ஒரு சொல்.

வரிக்கு வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். மேலே கொம்பும் புள்ளியும், கீழே சுழியுமாக நம் எழுத்து இரண்டு பக்கமும் நீள்கிறது; ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் இடைவெளியில் மேல் வரிச் சுழி கீழ் வரிப் புள்ளியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒன்றரை மடங்கு வைத்தால் மூச்சு விடலாம். இரண்டு ஓரமும் நேராக வரும்படி சீராக்கவும் வேண்டாம். 'தொற்றுக்கட்டுப்பாட்டுக்கான' மாதிரி ஒரு சொல் வந்தால் போதும், முந்தைய வரியில் இரண்டு சொல்லுக்கு நடுவே லாரி போகும் அளவு சந்து விழும். அந்த மாதிரிச் சொல்லையே தவிர்ப்பது இன்னும் நல்லது. 'கிருமி பரவாமல் இருக்க' என்றால் யாருக்கும் புரியும், வரியும் உடையாது.

எழுத்துருவுக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர் எல்லாம் இலவசம், எல்லாம் யூனிகோடு, அதாவது எந்தப் போனிலும் தமிழாகவே திறக்கும் முறை, மெலிந்ததும் தடித்ததும் ஒரே குடும்பத்தில் கிடைக்கும். ஒன்றை எடுத்துக்கொண்டு கோர்ஸ் முழுக்க அதிலேயே இருங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த பாடங்கள் வைத்திருப்பவர்கள் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பார்ப்பவர் போனில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். கேன்வா என்ற வடிவமைப்புத் தளத்தின் டெம்ப்ளேட்டில் ஒரு பொறி உண்டு. அழகான ஆங்கில எழுத்துருவோடு கொடுத்திருப்பார்கள், அதில் தமிழ் எழுத்தே இருக்காது. நாம் தமிழில் அடித்ததும் மென்பொருள் சத்தமில்லாமல் வேறொரு எழுத்துருவைப் போட்டுவிடும். டெம்ப்ளேட்டின் அழகு அங்கேயே போச்சு.

எல்லைப் பக்கத்துக்கு என்று இன்னொன்று. ஆரியங்காவுப் பக்கம் வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர்கள் இருக்கிறார்கள். தமிழைக் காதால் கேட்டால் முழுக்கப் புரியும், வாசிக்கத்தான் மெதுவாக வரும். சிலர் ஸ்லைடில் இரண்டு மொழியையும் மேலும் கீழும் போடுகிறார்கள். இரண்டு மடங்கு எழுத்து, பாதி அளவு, யாருக்கும் வாசிக்க வராது. அவர்களுக்காக நான் எழுத்தைக் குறைத்துப் படத்தையும் குரலையும் கூட்டினேன். தமிழ் நன்றாக வாசிப்பவர்களும் அதைத்தான் விரும்பினார்கள்.

குரல் என்றதும் ஒரு வார்த்தை. ஸ்லைடில் இருக்கும் வரிகளை அப்படியே வாசிக்காதீர்கள். மல்டிமீடியா கற்றலை வெகுகாலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் சொல்வது: படத்தோடு குரல் இருந்தால் கற்பது நன்றாக நடக்கிறது, அதே குரலை எழுத்தாகவும் போட்டால் கெடுகிறது. கண் எழுத்துக்கும் படத்துக்கும் நடுவே அல்லாடுகிறது. காது கேளாதவர்களுக்காக வசனம் வேண்டுமென்றால், தேவைப்படுபவர் போட்டுக்கொள்ளும்படி தனியாக வையுங்கள்.

யாருடைய தோல்?

படத்தில் நான் செய்த பெரிய தப்பு, ஊசியைவிடப் பெரியது, இதுதான். பெட்சோரின் முதல் கட்டம் என்று இணையத்திலிருந்து ஒரு படம் எடுத்துப் போட்டிருந்தேன். வெள்ளைத் தோல், அதில் பளிச்சென்று ஒரு சிவப்பு. 'இப்படிச் சிவந்தால் உடனே கவனிக்கவும்.'

நம் பக்கத்து நோயாளிகளுக்கு அப்படிச் சிவக்காது. மாநிறத்திலும் கறுத்த தோலிலும் முதல் கட்டம் சுற்றியிருக்கும் இடத்தைவிடக் கொஞ்சம் கறுத்தோ ஊதா பாய்ந்தோ இருக்கும், பல சமயம் கண்ணுக்கே படாது. கையால் தொட்டால்தான் தெரியும்: பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கும், வலிக்கும். சிவப்பைத் தேடச் சொல்லிக்கொடுத்தால், தோல் உரிந்த பிறகுதான் கண்டுபிடிப்பார்கள். ஆக்ஸிஜன் குறைந்து உடம்பு நீலம் பாய்வதைப் பற்றிய பாடமானாலும் உதட்டையும் நாக்கையும் காட்ட வேண்டும். ரத்தசோகை என்றால் கீழ் இமையின் உட்புறம், உள்ளங்கை. வெளிநாட்டுப் படத்தில் கன்னத்தைக் காட்டி நிறுத்திவிடுவார்கள்.

அந்த ஸ்லைடில் இப்போது புண்ணின் படம் இல்லை. மாநிறக் குதிகால் ஒன்றைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கும் படம்தான் இருக்கிறது. கால் என் அம்மாவுடையது, அனுமதி கேட்டுத்தான் எடுத்தேன். யாருடைய உடம்பைப் படமெடுத்தாலும் கேட்டு, எதற்கு என்று விளக்கி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முகம் வராமல் எடுத்தாலும் சரி. செய்முறைப் படங்களை எதிரில் நின்று எடுக்காமல், செய்கிறவரின் தோளுக்குப் பின்னால் போனை வைத்து எடுத்தால் வலது இடது குழப்பம் வராது. பார்ப்பவரின் கை எப்படிப் போக வேண்டுமோ அப்படியே படத்திலும் போகும்.

முடித்துவிட்டோமா என்று பார்க்க

நாம் கணினியில் செய்கிறோம், அவர்கள் போனில் பார்க்கிறார்கள். ஆகவே ஸ்லைடு முடிந்ததும் அதை உங்கள் போனுக்கே அனுப்பி, கையை நீட்டிப் பிடித்து, வெயிலில் நின்று பாருங்கள். கண்ணை அரைவாசி மூடி, எல்லாம் மங்கலாகத் தெரியும்படி சுருக்குங்கள். அந்த மங்கலிலும் எது துருத்திக்கொண்டு தெரிகிறதோ அதுதான் உங்கள் பார்வை வரிசையில் முதலாவது. அது நீங்கள் நினைத்ததாக இருந்தால் சரி. லோகோவாக இருந்தால் திரும்ப உட்கார வேண்டும்.

அப்புறம், பாடம் தெரியாத ஒருவரிடம் ஐந்து விநாடி மட்டும் காட்டிவிட்டு மறைத்து, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். நம் ஊரில் டீச்சர் கேட்டால் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

குதிகால் ஸ்லைடைப் புதிதாகச் செய்ததும் அதே புளியரை அக்காவிடம் கொண்டுபோனேன். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை, குதிகால் அந்தரத்தில், அதற்கும் மெத்தைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் காட்ட ஒரு அம்பு. ஐந்து விநாடி காட்டி மறைத்தேன்.

"தலகாணிய குதிகாலுக்கு அடில வைக்கணும்."

தலையணை அவ்வளவு பெரிதாக, வெள்ளையாக, நடுவில் இருந்தது. அம்பு மெல்லியது, அதன் முனை தலையணைப் பக்கமே சாய்ந்திருந்தது. தலையணைக்குக் கறுப்பு உறை போட்டு, அம்பை எடுத்துவிட்டு, குதிகாலுக்குக் கீழே ஒரு கையை நுழைத்து மறுபடி படமெடுத்தேன். அடுத்த நாள் காட்டியபோது அவர் வாயால் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் கிடந்த திண்டின் மேல் தன் கெண்டைக்காலைத் தூக்கி வைத்து, குதிகாலுக்குக் கீழே கையை விட்டுக் காட்டினார்.